கம்ப்யூட்டரையும் கணக்கு முடித்தே மூட வேண்டும்

கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் நம்முடைய உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதில் இடமில்லை. அப்படிப்பட்ட ஊரில் மளிகைக் கடை நடத்தும் நான், நான்கு மாதக் கணக்கைக் காட்ட முடியாமல் நின்றேன். நம் வணிகப் பெருமக்களில் வேறு யாருக்கும் இது நேரக் கூடாது என்பதற்காக வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

என் வீட்டுக் கம்ப்யூட்டர் பகலில் நன்றாகத்தான் வேலை செய்தது. பில் போடும், சரக்கு இருப்புச் சொல்லும், பிள்ளைகளின் பாடத்துக்கும் உதவும். இரவு மூடும்போதுதான் தகராறு. "ஷட் டவுன்" கொடுத்தால் திரை நீலமாகும், ஏதோ எழுத்து ஓடும், பிறகு தானாகவே மறுபடி உயிர் பெறும். கடை சாத்தும் நேரம், பசி, தூக்கம். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்விடுவேன். பகலில் ஓடுகிறதே, இரவில் எப்படி அணைந்தால் என்ன என்று நினைத்தேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் காலை கணக்குப் புத்தகம் திறக்கவில்லை. பழுது பார்க்க வந்தவர் ஒரே வார்த்தையில் "ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார். பென் டிரைவில் நான் எடுத்து வைத்திருந்த நகலோ நான்கு மாதம் பழையது. பில் புத்தகத்தின் கார்பன் தாள்களை வைத்து வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். ஆனால், "அறுவடை முடிந்து தருகிறேன்" என்று சொல்லி வாங்கிப் போனவர்களின் பற்று பலவற்றுக்குத் தாள் இல்லை. கணக்கு இல்லாமல் கேட்டால் உறவு போகும், கேட்காமல் விட்டால் முதல் போகும். சிலர் தாமாகவே வந்து கொடுத்தார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை, என்னுடைய சாமர்த்தியம் அல்ல.

மூடும்போது என்னதான் நடக்கிறது? நமக்குத் தெரிந்த முறையிலேயே சொல்லலாம். பகல் முழுவதும் நாள்வழியில் குறித்துக்கொண்டு, இரவில்தானே பேரேட்டில் ஏற்றுகிறோம்? கம்ப்யூட்டரும் அப்படித்தான். நாம் அடிப்பதில் ஒரு பகுதியைத் தற்காலிக நினைவில் வைத்துக்கொண்டு சற்றுப் பொறுத்தே வட்டில் எழுதுகிறது. மூடச் சொன்னால் ஒவ்வொரு நிரலையும் நிறுத்தி, மிச்சத்தையும் எழுதி, இணைத்திருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, கடைசியில்தான் அணைகிறது. நடுவில் மின்சாரத்தை நிறுத்துவது, பேரேட்டில் ஏற்றுமுன் நாள்வழியைக் கிழித்து அடுப்பில் போடுவதற்குச் சமம். ஒரு நாள் தப்பிக்கலாம், தினமும் தப்ப முடியாது.

இந்த நோய் புதிதல்ல. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் மூடும்போது நின்றுபோகிறது என்று பலர் முறையிட்டதால், அதற்கென்றே தனியாக ஒரு திருத்த நிரலை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வெளியிட வேண்டியிருந்தது. ஆகவே நம் கம்ப்யூட்டர் மூட மறுத்தால் அதைச் சாபமென்று எண்ண வேண்டாம். காரணம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். ஃபார்மட் என்பது கடைசி மருந்து.

எந்தச் சோதனைக்கும் முன்னால், கணக்குக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து விடுங்கள். வேறு எதைச் செய்தாலும் அதற்குப் பிறகுதான்.

அடுத்து, அவசரப்படாதீர்கள். அப்டேட் நடப்பதாகத் திரையில் எழுதியிருந்தால் அரை மணி ஆனாலும் காத்திருங்கள். அது பழுதல்ல.

மூன்றாவது, பில் நிரலை முதலில் மூடிவிட்டு, பிறகு ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் தகராறு என்றால் பிரிண்டர், பார்கோடு படிக்கும் கருவி, பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மூடுங்கள். ஒழுங்காக அணைந்தால் மறுநாள் ஒரு கருவி, அதற்கடுத்த நாள் இன்னொரு கருவி என்று சேர்த்துப் பாருங்கள். எதைச் சேர்த்த அன்று நோய் திரும்புகிறதோ, அதுவோ அதை இயக்கும் டிரைவர் நிரலோதான் குற்றவாளி. என் வீட்டில் அகப்பட்டது பில் பிரிண்டர். அதன் டிரைவரைப் புதிய பதிப்பாக மாற்றிய இரவே கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் அணைந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

நான்காவது, "ரீஸ்டார்ட்" கொடுத்தால் ஒழுங்காக நடந்து, "ஷட் டவுன்" மட்டும் தகராறு செய்கிறதா என்று கவனியுங்கள். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற ஏற்பாடு உண்டு. மறுநாள் சீக்கிரம் திறப்பதற்காக, உள் இயக்கத்தின் ஒரு பகுதியை முழுதாக மூடாமல் வட்டில் எழுதி உறங்க வைப்பது இது. சில டிரைவர்களுக்கு இது ஒத்துக்கொள்வதில்லை. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் என்ற இடத்துக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பகுதியில் இதற்கான டிக் குறியை எடுத்துவிடலாம். திறக்கச் சில நொடிகள் கூடும், அவ்வளவுதான். ஒரு நாள் மட்டும் சோதிக்க வேண்டுமானால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அன்று முழுதாக மூடும்.

ஐந்தாவது, தேடும் கட்டத்தில் "ரிலையபிலிட்டி" என்று அடித்தால் நாள்வாரியாக ஒரு பட்டியல் வரும். எந்த நாளில் எந்த நிரல் விழுந்தது என்பதற்குச் சிவப்புக் குறி இருக்கும். முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய நாள் புதிதாக எதை ஏற்றினோம் என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும். இவ்வளவுக்கும் பிறகும் தீராவிட்டால் வட்டுச் சோதனை, பவர் சப்ளை, உள்ளே படிந்த தூசி என்று பழுது பார்ப்பவரிடம் விடலாம். நீலத்திரையில் வரும் எழுத்துகளைச் செல்போனில் படம் எடுத்து அவரிடம் காட்டுங்கள். வைத்தியரிடம் காய்ச்சல் எத்தனை நாள் என்று சொல்வதைப் போன்றது அது.

"இதெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. கல்லாச் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் கவலையில்லாமல் தூங்குகிறோமா? கணக்கு நம் பெயரில் இருக்கிறது, பொறுப்பும் நம்முடையதுதான். 2017 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, பதிவு பெற்ற வணிகர் ஓராண்டுக் கணக்கை, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டன் தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். மின்னணு முறையில் கணக்கு வைப்பவர், அழிந்தால் மீட்கும் வகையில் நகலும் வைத்திருக்க வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு சார்" என்பது அதிகாரி முன்னால் எடுபடாது.

ஆகவே என் தாழ்மையான கருத்து இது. பழுது வந்தபின் ஓடுவதைவிட, மூடும் பழக்கத்தை முறைப்படுத்திக்கொள்வதே லாபம். கல்லாவை எண்ணி, விளக்கேற்றி, ஷட்டரை இறக்கிப் பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் நாம். அதோடு இரண்டு வேலை சேரட்டும். அன்றைய கணக்கை நகல் எடுப்பது ஒன்று, திரை அணையும் வரை நின்று பார்ப்பது இன்னொன்று. திடீர் மின்வெட்டுக்கு ஒரு யு.பி.எஸ். வேண்டும். அதன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை சோதிக்கவும் வேண்டும். நகலில் ஒன்று கடையிலும் ஒன்று வேறிடத்திலும் இருக்கட்டும். கடையில் தீப்பிடித்தாலோ வெள்ளம் வந்தாலோ இரண்டும் ஒன்றாகப் போகக் கூடாது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, விவரம் தெரிந்த ஓர் உறுப்பினர் மற்றவர்களுக்கு நகல் எடுக்கச் செய்து காட்டலாம். சங்க அறையில் இதற்கென ஒரு கம்ப்யூட்டர் வைத்தால் வயதான உறுப்பினர்களும் கூச்சமின்றிக் கேட்டுப் பழகுவார்கள்.

இப்போது என் கடையில் ஷட்டர் இறங்குவது கம்ப்யூட்டர் அணைந்த பிறகுதான். வீட்டில் சாப்பாடு ஐந்து நிமிடம் ஆறிப்போகிறது. ஆறட்டும். யார் கேட்டாலும் எடுத்துக் காட்டக் கணக்கு இருக்கிறது.