விறாந்தையும் உள்ளறையும்

கணனி வலையமைப்பு என்றதும் "அது பெடியங்களின் வேலை" என்று ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் எம்மில் பலரிடம் உண்டு. வயர் இழுப்பது யாராகவும் இருக்கட்டும். எந்தத் தகவல் யாருக்குப் போகக்கூடாது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நாமே.

பெண்கள் நிலையங்களின் கணனிகளில் என்ன இருக்கிறது? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், மனைவி தங்கியுள்ள இடத்துக்குள் கணவன் நுழையாதவாறு நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். அது ஆகக்கூடியது 12 மாதங்களுக்குச் செல்லும். அந்தப் பெண் எங்கே தங்கியிருக்கிறாள், பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகிறது என்பதெல்லாம் எமது கோவைகளில்தான் உள்ளன.

நான் போய்வரும் அலுவலகங்கள் பலவற்றில் வைஃபை கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். சமரசப் பேச்சுக்கு அழைக்கப்பட்ட கணவனும் காத்திருக்கும் நேரத்தில் அதையே தன் கைத்தொலைபேசியில் போட்டுக்கொள்கிறான். ரவுட்டர் படலை மாதிரி. இணையத்திலிருந்து அழையாமல் வருவதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் படலைக்குள் வந்துவிட்ட எல்லோரும் அதற்கு வீட்டுக்காரர்தான். கணனியில் கடவுச்சொல் இல்லாமல் பகிர்ந்து வைத்த கோவை அந்தத் தொலைபேசிக்கும் தெரியும். தவிரவும், இணைய நிறுவனங்கள் தாம் தந்த ரவுட்டரின் அமைப்புகளைத் தூரத்திலிருந்தே மாற்றக்கூடியதாக வைத்திருப்பது வழமை.

எனவே விறாந்தைக்கும் உள்ளறைக்கும் இடையே இன்னொரு கதவு வேண்டும். அதுதான் தீச்சுவர். ரவுட்டரிலிருந்து வரும் வயர் அந்தப் பெட்டியின் ஒரு துளைக்குள் போகும். மறு துளையிலிருந்து சுவிட்சுக்கு. அலுவலகக் கணனிகளும் பிரிண்டரும் சுவிட்சில். வருவோருக்கான வைஃபை ரவுட்டரோடு வெளியிலேயே நிற்கும். உள்ளிருந்து கேட்டதற்குரிய பதில் மட்டும் உள்ளே வரும், கேளாமல் வருவது நின்றுவிடும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற இலவச மென்பொருட்களை இரண்டு வலையமைப்பு அட்டைகள் கொண்ட பழைய கணனியிலேயே போடலாம். (இரவு பகலாக ஓடும் மின்கட்டணத்தை நினைத்தால் சின்னப் பெட்டியே மேல்.) இரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் இடத்துக்கு, ரவுட்டரிலேயே உள்ள விருந்தினர் வைஃபை வசதி போதுமாகவும் இருக்கலாம்.

வழக்கமாக ஒரு சிக்கல் வரும். ரவுட்டரும் புதுப் பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே இலக்கத்தோடு வந்திருக்கும். ஒரே வீதியில் இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? உட்பக்கத்தை 192.168.10.1 என்று மாற்றினால் சரி.

அதைவிடச் சிரமமானது மனிதர்களுடைய பக்கம். உத்தியோகத்தர்களின் சொந்தத் தொலைபேசிகளும் வெளிப்பக்கம்தான் என்றதும் முணுமுணுப்பு எழும். தலைவருக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம். பென் டிரைவில் கோவையை வீட்டுக்குக் கொண்டுபோவதையும், பொய் மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லைக் கொடுப்பதையும் இந்தச் சுவர் தடுக்காது என்பதை அதே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

வேலை முடித்த தம்பி புறப்படுமுன் தீச்சுவரின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே மாற்றுங்கள். புதியதை உறையிலிட்டு ஒட்டி, கோவைகள் இருக்கும் அலுமாரியிலேயே பூட்டி வையுங்கள்.