சென்சர் போய்ட்டா, இல்லாட்டி நம்மட அமானிதம் போய்ட்டா?



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும் கராஜ் நடத்தும் நானாமாரும் கடைசி வரை வாசியுங்கள். யாருடைய பெயரையும் சொல்லிக் குத்திக்காட்ட வரவில்லை. ஆனால் இதைப் பேசாமல் இருக்கவும் மனம் இடம் தரவில்லை.

எங்கள் தெருவில் ஹயர் ஓடும் தம்பி ஒருவர். 1.5 லீற்றர் ஜப்பான் கார். மூன்று பிள்ளைகளின் சாப்பாடு அந்தக் காரில்தான். செக் எஞ்சின் லைட் பற்றியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் இழுவை இல்லை. சிக்னலில் நின்றால் எஞ்சின் உதறுகிறது. கராஜுக்குக் கொண்டு போனார். ஸ்கேனரைக் குத்தினார்கள், பி0171 என்று வந்தது. "ஒக்ஸிஜன் சென்சர் போய்ட்டு தம்பி." மாற்றினார்கள். லைட்டை அழித்து அனுப்பினார்கள். நாலாம் நாள் திரும்பப் பற்றியது. "ப்ளக் நாலும் போடணும்." போட்டார்கள். திரும்பவும் பற்றியது. "அப்ப எயார் ஃப்ளோ சென்சர்தான். 48,000 ரூபா." அந்தக் காசைக் கடன் கேட்டுத்தான் மஃரிபுக்குப் பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மனைவியின் காப்பு ஏற்கெனவே அடகில்.

பி0171 என்றால் என்ன? எஞ்சினுக்குள் போகும் காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று அந்தக் கோட் சொல்லாது. காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் காட்டினால், அது டெங்கா சளியா என்று தெர்மாமீட்டர் சொல்லுமா?

என்னிடம் ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனர் இருக்கிறது. போனில் பார்க்கலாம். அதில் ஃபியூல் ட்ரிம் என்று ஒரு அளவு வரும். கணக்குப்படி கொடுக்கும் பெற்றோல் போதாமல் கம்பியூட்டர் எவ்வளவு சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது என்பதை அது காட்டும். ஷோர்ட், லோங் இரண்டையும் கூட்டி 10 க்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. தம்பியின் காரில் சும்மா ஸ்டார்ட்டில் 9. எஞ்சினை 2,500 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்தால் 27.

இந்த இரண்டு எண்களும்தான் முக்கியம். எங்கேயாவது ஹோஸ் வெடித்து காற்று கள்ளமாக உள்ளே போனால், சும்மா ஸ்டார்ட்டில்தான் கூடுதலாகக் காட்டும். எஞ்சினை ஏற்ற ஏற்றக் குறையும். இங்கே நேர்மாறு. காற்று கூடக் கூடக் கணக்கு கூடுதலாகப் பிழைக்கிறது. பெற்றோல் பம்ப் பலவீனமானாலும் இப்படி வரலாம். ஆனால் காசு செலவில்லாமல் முதலில் பார்க்க வேண்டியது எயார் ஃப்ளோ சென்சரைத்தான்.

அந்தச் சென்சருக்குள் தலைமுடி போல் ஒரு மெல்லிய கம்பி, சூடாக்கி வைக்கப்பட்டிருக்கும். போகும் காற்று அதைக் குளிராக்கும். சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவை என்பதை வைத்துத்தான் எவ்வளவு காற்று போகிறது என்று கம்பியூட்டர் கணக்குப் பார்க்கிறது. கம்பியில் தூசி படிந்தால் அது போர்வை மாதிரி. காற்று படாது, குளிராது. "காற்று கொஞ்சம்தான்" என்று சென்சர் பொய் சொல்லும். பெற்றோல் குறையும். ஏற்றத்தில் கார் மூச்சுத் திணறும்.

எயார் ஃபில்டர் பெட்டியைத் திறந்தோம். மூடியின் ஒரு கிளிப் உடைந்திருந்தது. ஃபில்டர் சரியாக உட்காரவில்லை. தூசி பக்கவாட்டால் நேரே உள்ளே போயிருக்கிறது. ஒக்ஸிஜன் சென்சர் மாற்றியவர் பார்க்கவில்லை. ப்ளக் போட்டவரும் பார்க்கவில்லை. பொனட்டைத் திறந்தால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் பெட்டி அது.

சுத்தம் பண்ணிய விதத்தையும் சொல்கிறேன், பிழையாகச் செய்துவிடாதீர்கள்.

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, நன்றாக ஆற விட வேண்டும். கனெக்டரின் கிளிப்பை அமத்திக் கழற்ற வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு ஸ்க்ரூ. சென்சரை நேராக வெளியே எடுங்கள். ரப்பர் வளையம் விழுந்துவிடாமல் கவனம். எயார் ஃப்ளோ சென்சருக்கென்றே விற்கும் க்ளீனர் ஸ்ப்ரேயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, விட்டு விட்டுப் பத்துப் பதினைந்து தடவை அடியுங்கள். விரல் வேண்டாம், காதுக் குடம்பி வேண்டாம், பிரஷ் வேண்டாம். கம்பி அறுந்தால் 48,000 ரூபா உண்மையாகவே போகும். காற்றடிக்கும் கன்னும் வேண்டாம். காபரேட்டர் க்ளீனர், பிரேக் க்ளீனர், டபிள்யூடி-40 எதுவும் வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகு பூட்டுங்கள்.

ஸ்ப்ரேக்கு 3,500 ரூபா. ஃபில்டரும் கிளிப்பும் மாற்றினோம். கோடை அழித்துவிட்டு ஓடிப் பார்த்தோம். 27 இருந்த இடத்தில் 4. மறுநாள் சுபஹுக்குப் பிறகு கட்டுநாயக்கவுக்கு ஹயர் போனார். அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாச் சென்சரும் கழுவினால் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. சில சென்சர் உண்மையாகவே செத்துப் போகும். சிலவேளை வயர்தான் பழுது. சுத்தம் பண்ணியும் அளவு மாறாவிட்டால், கனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறதா, ஏர்த் இருக்கிறதா என்று மீட்டரால் பார்த்த பிறகு மாற்றுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: பாருங்கள், பிறகு மாற்றுங்கள்.

பிள்ளை ஒரு பாடத்தில் பின்தங்கினால் எங்கே தடுக்குப்படுகிறது என்று முதலில் கண்டுபிடி, பிறகு பரிகாரக் கற்பித்தல் என்றுதான் கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். "பிள்ளையையே மாத்துங்க" என்று நான் சொன்னால் பெற்றோர் சும்மா விடுவீர்களா?

கராஜ் நானாமாரே, பார்க்காமல் "போய்ட்டு" என்று சொல்வது வெறும் தொழில் பிழை இல்லை. தெரியாத ஒன்றுக்கு அடுத்தவனின் காசில் பரிசோதனை செய்வது. பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய சாமானைத் துடைத்துப் புதிது என்று பில் போடுவது அதைவிட மோசம். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டதும், உள்ளே ஈரம் இருந்ததும், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும் நாம் எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்? அது தானியத்துக்கு மட்டும் சொன்னதா?

இப்போது நம் பக்கம். இதுதான் எனக்குக் கூடுதலாகக் கசக்கிறது.

ஒரு பாஸ் ஒரு மணித்தியாலம் குனிந்து நின்று, அளவு பார்த்து, "சாமான் ஒண்டும் மாத்தத் தேவல்ல, 2,500 தாங்க" என்று சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? "என்ன நானா, ஒண்டுமே செய்யல்லயே, 500 எடுங்க." அதே ஆள் 48,000 க்குச் சென்சர் போட்டால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம். சாமானுக்குக் காசு, மூளைக்குக் காசில்லை. அப்படியிருந்தால் அவர் சாமான் விற்காமல் எப்படி வாழ்வார்? நேர்மையாக வேலை செய்யும் பாஸ்மாரைப் பட்டினி போட்டுவிட்டு, கள்ளம் பெருகிவிட்டது என்று புலம்புகிறோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 இல் திறந்த பிறகும் நம்மில் எத்தனை பேருக்குப் புது வாகனம் எட்டும் விலை? இருக்கும் பழைய காரைத்தான் ஓட்டப் போகிறோம். அதனால் இன்றிலிருந்து நான்கு விஷயம் செய்வோம்.

ஒன்று, சாமான் மாற்ற முன் "அளவைக் காட்டுங்க" என்று கேளுங்கள். இரண்டு, கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். மூன்று, புதிதா ரீகண்டிஷனா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நான்கு, பழுதைக் கண்டுபிடித்துத் தந்தவருக்கு, ஒரு சாமானும் மாற்றாவிட்டாலும், அவர் கேட்ட கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

"ஸேர், உங்களுக்கு ஏன் கராஜ் வேல?" என்று கொமண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: அந்தத் தம்பியின் மூத்த மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். உம்மாவின் காப்பு அடகில் இருப்பது அவளுக்கும் தெரியும்.

நேர்மையாகப் பார்த்துச் சொல்லும் பாஸ்மார் நம் ஊரில் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்களின் பெயரைக் கொமண்டில் போடுங்கள். கள்ளனைத் திட்டுவதை விட நல்லவனுக்கு வேலை கொடுப்பது மேல்.

அல்லாஹ் நம் எல்லோருடைய சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.