சுருக்கத் தோல் செல்லம்: அழகு அதற்கு, வேலை நமக்கு!

‘மகள் செல்போனில் பார்த்த சுருக்கத் தோல் நாய்க்குட்டிதான் வேண்டும் என்று ஒரே அடம். பிறந்தநாளுக்கு வாங்கித் தருவதாக அவள் அப்பாவும் சொல்லிவிட்டார். கடலை ஒட்டிய வீடு, மேலே சிமென்ட் ஷீட், ஏசி கிடையாது. இந்த நாய் இங்கே தாங்குமா?’ - பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வாங்குவதற்கு முன்பே கேட்டாரே, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். பல வீடுகளில் குட்டி வந்து, அதற்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கேள்வி வரும்.

சுருக்கத் தோல் என்றால் எது?

உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாக, இரண்டு அளவு பெரிய சட்டை போட்டதுபோல இருந்தால் அது ஷார் பெய். தென் சீனாவைச் சேர்ந்த இனம். பெயருக்கே ‘மணல் தோல்’ என்றுதான் பொருள். தடவிப் பார்த்தால் முடி சொரசொரவென்று இருக்கும். 1970-களில் இந்த இனம் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 1973-ல் ஹாங்காங்கைச் சேர்ந்த மாட்கோ லா என்பவர், இதைக் காப்பாற்றுங்கள் என்று அமெரிக்க நாய்ப் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொண்டார். 1978 கின்னஸ் புத்தகத்தில் உலகின் மிக அரிய நாய்களில் ஒன்றாக இது இடம்பிடித்தது. பிறகு அமெரிக்காவில் ஒரே கிராக்கி.

முகத்தில் மட்டும் மடிப்பு, சப்பை மூக்கு, முட்டைக் கண் என்றால் அது பக். 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடியதே, அந்த நாய்தான். அதன் பிறகு நம் ஊரில் ‘ஹட்ச் நாய்’ என்றே கேட்டு வாங்கினார்கள். புல்டாக்கும் பிரெஞ்சு புல்டாக்கும் இதே சப்பை மூக்கு வகை.

சீரத்தில் இருப்பதும் இதுதான்

ஷார் பெய்க்கு ஏன் இவ்வளவு மடிப்பு? இப்போது முகத்துக்குப் போடும் சீரம் பாட்டிலில் ‘ஹையலூரானிக் ஆசிட்’ என்று எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே பொருள் இந்த நாயின் தோலில் அளவுக்கு மீறிச் சேர்கிறது. அதனால்தான் தோல் தடித்து மடிகிறது. இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2011-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஷார் பெய்க்கு அடிக்கடி வரும் ஒரு காய்ச்சலோடும் அதே மாற்றத்துக்குத் தொடர்பு இருப்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

திடீரென்று உடம்பு கொதிக்கும், பின்னங்கால் மூட்டு வீங்கும், ஒன்றிரண்டு நாளில் தானாகவே இறங்கிவிடும். ‘சரியாகிவிட்டதே’ என்று விட்டுவிடக் கூடாது. திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகம் வரை பாதிக்கும். நாம் கொஞ்சுகிற மடிப்பும், அதைப் படுத்துகிற காய்ச்சலும் ஒரே வேரிலிருந்து வருகின்றன.

கண்ணிலும் தொல்லை உண்டு. மடிப்பின் கனத்தில் இமை உள்பக்கமாகச் சுருண்டு, முடி கருவிழியில் உரசும். குட்டி எப்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீர் வடித்தால், அது தூக்கமில்லை, வலி. தையலோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம்.

கடற்கரை வெயிலில்...

பக், புல்டாக் வகைகளுக்குத் தோலைவிட மூச்சுதான் பெரிய பிரச்னை. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். சப்பை மூக்கு நாய்க்கோ மூக்குத் துவாரம் ஒடுக்கம், உள்ளே அண்ணத்தின் சதையும் நீளம். இரைப்பதே அதற்குப் பாரம். ‘என்ன அழகாகக் குறட்டை விடுகிறது’ என்று வீடியோ எடுக்கிறோமே, பல நேரம் அது காற்றுக்குத் திணறும் சத்தம்.

இதில் கடற்கரை ஊரின் புழுக்கமும் சேர்கிறது. புதுச்சேரிப் பக்கம் சித்திரை, வைகாசியில் நமக்கே வியர்வை காயாது. அதே காரணத்தால் நாய் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. ஷீட் கூரையின் கீழ் மதிய நேரத்தில் இந்த நாயை விட்டுவிட்டு வேலைக்குப் போவது உயிருக்கே ஆபத்து.

2022-ல் லண்டனின் ராயல் வெட்டர்னரி காலேஜ் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு நோய் வரும் வாய்ப்பு, மற்ற நாய்களைவிடப் பக்குக்கு ஏறக்குறைய 2 மடங்கு. குளிர் நாட்டிலேயே அப்படி. தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இங்கே இனப்பெருக்கம் செய்ய வேண்டாம் என்று பட்டியலிட்ட 11 வெளிநாட்டு இனங்களில் பக், பிரெஞ்சு புல்டாக் இரண்டும் இருந்தன. அதற்கு நாய் வளர்ப்பவர்களிடம் எதிர்ப்பும் கிளம்பியது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வெயில் மாறப்போவதில்லை.

எனவே வாசகிக்கு என் பதில்: இப்போதிருக்கும் வீட்டில் வேண்டாம்.

ஏற்கெனவே வளர்க்கிறீர்களா?

பயப்பட வேண்டாம். நேரம் ஒதுக்கினால் நன்றாகவே வைத்துக்கொள்ளலாம்.

* தினமும் ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, ஈரப் பஞ்சால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டாவது வேலைதான் முக்கியம். ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். சிவந்து, புளித்த வாடை வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* பவுடர், தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதையும் மடிப்புக்குள் தடவாதீர்கள். அப்பிக்கொண்டு அழுக்கைச் சேர்க்கும்.

* கடற்கரைக்குக் கூட்டிப் போனால், வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மணலையும் உப்பையும் எடுத்துவிட்டு உலர்த்துங்கள். வாக்கிங் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் மட்டும்.

* கழுத்துப் பட்டை வேண்டாம். மார்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் வாங்குங்கள்.

* எடை ஏறவிடாதீர்கள். கொழுப்பு சேர்ந்தால் மூச்சுப்பாதை இன்னும் ஒடுங்கும். பிஸ்கெட்டை நிறுத்துங்கள். கருவாட்டு உப்பும் மீன் முள்ளும் கூடவே கூடாது.

* அளவுக்கு மீறி இரைப்பது, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், நாக்கு கருஞ்சிவப்பாவது... இவை வெப்பத்தாக்கின் அடையாளம். உடனே நிழலில் வைத்து, உடம்பெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஃபேன் போட்டு, தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். மயங்கியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாயின் சாதாரண வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

உங்கள் பகுதியினருக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரத்தில் இருக்கிறது.

வாங்கியே தீருவது என்றால்...

வசதியான, குளிர்ச்சியான வீடு இருக்கிறது, பகலில் ஆளும் இருக்கிறார்கள் என்பவர்கள் இதைக் கவனியுங்கள். 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, குட்டிகளை விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். தாயை நேரில் பாருங்கள். குட்டியை ஐந்து நிமிடம் விளையாடவிட்டு மூச்சைக் கவனியுங்கள். கொர்ரென்று சத்தம் வந்தால், கண்ணில் நீர் வடிந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மகளிடம் என்ன சொல்வது?

‘அது ரொம்ப விலை’ என்று சொல்லாதீர்கள். காசு வந்ததும் திரும்பக் கேட்பாள். ‘நம் வீட்டு வெயிலில் அதற்கு மூச்சு முட்டும், அதனால் வேண்டாம்’ என்று உண்மையைச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு இது புரியும்.

நாய்தான் வேண்டும் என்றால், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் என்று நம் மண்ணிலேயே இனங்கள் உண்டு. ஆனால் அவை வேட்டை நாய்கள், ஓட இடம் கேட்கும். சின்ன வீட்டுக்கு எல்லாவற்றையும்விடச் சுலபம், தெருவில் பிறந்த ஒரு நாட்டுக் குட்டி. நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு, நீண்ட மூக்கு, துடைக்க மடிப்பு இல்லை. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். பெயர் வைக்கும் பொறுப்பை மகளிடமே விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, அந்தச் சுருக்கத் தோல் வீடியோவை அவள் தேடுகிறாளா என்று பாருங்கள்!