கை தூக்குமுன்

பேரவைக் கூட்டங்களில் முன்வரிசையில் நான்கு கைகள் உயர்ந்தால், பின்னால் நாற்பது கைகள் உயர்கின்றன. கணக்கைப் பார்த்துக் கை தூக்கியவர் எத்தனை பேர்?

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் கடை திறந்தனர். எங்கும் கடன் வியாபாரமே வழக்கம். அவ்வூரின் முந்தைய கூட்டுறவுக் கடை கடனாலேயே மூழ்கியதை அறிந்தவர்கள், ரொக்கத்துக்கே விற்பதென விதித்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை எனச் சரக்கும் சொற்பமே, கண்டவர் நகைத்தனர். கடை நிலைத்தது.

பண்டிகைக்கு முன், “எல்லோரும் கடனுக்கு விற்கிறார்கள், நாமும் விற்போம்” என்ற குரல் நம் சங்கங்களிலும் எழுகிறது. பாக்கி வசூலாகாவிடில் நூல் வாங்கப் பணம் ஏது? தறிக்கு வேலை ஏது? ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது அண்டைவீட்டாரின் வாக்கை இரட்டிப்பதற்கன்று. ஐந்தொகையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விளங்காவிடில் செயலாளரைக் கேளுங்கள். அவர் சலித்துக்கொண்டால் மீண்டும் கேளுங்கள்.