மண்வெட்டி யார் கையில்?

தோழர்களே! பள்ளிதோறும் தோட்டம் வேண்டும், பிள்ளைகள் மண்ணையும் மரத்தையும் அறிந்து வளரவேண்டும் என்று நாம் சொன்னால், “குலக்கல்வியை எதிர்த்த கூட்டமா இன்று மண்வெட்டி தூக்குகிறது?” என்று ஏளனம் பேசுவோர் உளர். பேசட்டும்!

1953-இல் இராசாசி கொண்டுவந்த திட்டம் யாது? சிற்றூர்ப் பள்ளியில் நாளுக்கு மூன்றே மணி நேரப் பாடம். எஞ்சிய பொழுதுக்கு அப்பன் தொழில்! உழவர் மகனுக்கு ஏர், குயவர் மகனுக்குச் சக்கரம். நகரத்துப் பிள்ளைக்கோ முழுநாள் படிப்பு! 1954-இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. நாடு வெறுத்தது மண்ணையா? அன்று, பிறப்பைக் காட்டி மண்வெட்டியைத் திணித்த கொடுமையை!

பள்ளித் தோட்டத்திலோ வழக்கறிஞர் மகளும் அவரை நடுவாள். கூலிக்காரர் மகனும் நடுவான். அவரைச் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சுகளைக் காட்டி, காற்றின் நைட்ரஜனை நுண்ணுயிர்கள் அங்கே செடிக்கு உணவாக்கும் விந்தையை ஆசிரியர் விளக்குவார். மண்புழுவைக் கண்டு முகஞ்சுளித்த பிள்ளை, மறுவாரம் அதையே தேடித் தோண்டும். அப்பன் தொழிலா இது? அறிவியலன்றோ!

ஆனால், தண்ணீர் சுமக்க ஒரு தெருப்பிள்ளை, படம் எடுக்கும்போது பூவாளி ஏந்த வேறொரு தெருப்பிள்ளை என்றால், அது குலக்கல்வியின் கொல்லைப்புற வழியே! ஆகவே தோழர்களே, நாளையே உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். தோட்டம் உண்டா என்று மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். இன்று குடம் சுமக்கும் முறை எந்தப் பிள்ளைக்கு, நேற்று எந்தப் பிள்ளைக்கு என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள்.