காய்ச்சுவதும் வடிப்பதும்

“மாமா, ஒரு நாளைக்குப் பியர் காய்ச்சிப் பார்ப்போமா?” என்று மருமகன் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பொலிஸ்தான்.

சிரிக்க வேண்டாம். எழுபதுகளின் பிற்பகுதியில் அட்டன் பிரதேச நிருபராக இருந்த காலத்தில் நான் எழுதி அனுப்பிய செய்திகளில் பாதி, கசிப்பு முற்றுகைச் செய்திகள். “ஓடையோரத்தில் இத்தனை பீப்பாய் கோடா கைப்பற்றப்பட்டது, இருவர் கைது” என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். அப்படிப்பட்டவனைப் பார்த்துத்தான், ஜேர்மனியில் கொலோன் நகருக்கு அருகில் குடியிருக்கும் மருமகன் அக்கேள்வியைக் கேட்டார். மகளைப் பார்க்கச் சென்றிருந்தேன். வெளியே குளிர். வாசிக்கக் கொண்டுபோன நூல்கள் தீர்ந்துவிட்டன. சரி என்றேன்.

அங்கு அது குற்றமில்லை. சொந்தத் தேவைக்கென, விற்பனை செய்யாமல், ஒருவர் ஆண்டுக்கு 500 லீட்டர் வரை வரியின்றிப் பியர் தயாரித்துக்கொள்ள 2024 முதல் ஜேர்மனியில் இடமுண்டு. அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டமும், பிரித்தானியாவில் 1963இல் உரிமப்பத்திரம் நீக்கப்பட்டமையும் இதே உரிமையை வழங்கின. எமது நாட்டில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமே இன்னும் அடிப்படை. உரிமப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பவர் எவராயினும் அதன்முன் குற்றவாளி. பார்லியை ஊறவைத்தவரும், ஓடையோரத்தில் கசிப்பு வடித்தவரும் ஒரே கூண்டில்.

நாங்கள் செய்ய முனைந்தது கொலோன் நகரத்துக்கே உரிய ‘கோல்ஷ்’ என்ற பியர் வகை. வெளிர் பொன்னிறம், மதுசாரம் ஐந்து வீதத்துக்குச் சற்றுக் குறைவு. மேல்நொதி ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்து, பின்னர் வாரக்கணக்கில் கடுங்குளிரில் தெளியவைப்பார்கள். 1986இல் அந்நகரின் 24 பியர் ஆலைகள் ஒன்றுகூடி, கோல்ஷ் என்றால் என்ன, அதை எங்கே தயாரிக்கலாம் என்று உடன்படிக்கை செய்துகொண்டன. 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் அப்பெயருக்குப் பாதுகாப்பளித்தது. ஆகவே நாங்கள் செய்ததைக் கோல்ஷ் என்று அழைக்க எமக்கு உரிமையில்லை. ‘கோல்ஷ் மாதிரி’ என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். நுவரெலியாத் தேயிலை என்ற பெயரைக் கண்ட கண்ட பொட்டலத்தில் அச்சிட்டால் எமக்குக் கோபம் வராதா? அதே நியாயம்தான்.

அதை அருந்தும் முறையும் என்னைக் கவர்ந்தது. 200 மில்லிலீட்டர் மட்டுமே கொள்ளும் மெல்லிய உருளைக் குவளை. ‘கேபெஸ்’ எனப்படும் பரிசாரகர் குவளை காலியாகக் காலியாகப் புதியதை வைத்துக்கொண்டே இருப்பார். போதுமென்றால் குவளையின் மேல் அட்டையை மூடிவைக்க வேண்டும். ‘போதும்’ என்பதற்கு ஓர் அடையாளம் வைத்திருக்கும் குடிமரபு! எங்கள் தோட்டத்துத் தவறணையில் அப்படியொன்றை நான் கண்டதில்லை.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபது லீட்டருக்கு நாலேகால் கிலோ வெளிர் பார்லி மோல்ட், கால் கிலோ கோதுமை மோல்ட். நொறுக்கி, 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாச்சத்து சர்க்கரையாகிறது. அச்சாற்றை வடிகட்டி, கசப்புக்காக 45 கிராம் ஹொப்ஸ் பூக்களை இட்டு ஒன்றரை மணி நேரம் கொதிக்கவைத்து, விரைவாக ஆற்றி, ஈஸ்ட் சேர்க்க வேண்டும். பத்து நாட்களில் நொதித்தல் அடங்கும். அதன்பின் ஒரு மாதம் குளிர்சாதனப் பெட்டியில். கடைசியில் லீட்டருக்கு ஆறு கிராம் சீனி சேர்த்துப் போத்தலில் அடைத்து மேலும் இரு வாரம். ஆக, முதல் மிடறுக்கு இரண்டு மாதம்.

முதல் தடவை நான் கெடுத்தேன். குளிரில் ஈஸ்ட் செத்துவிடுமோ என்று பயந்து, மருமகன் வேலைக்குப் போன பின் வாளியை நிலவறையிலிருந்து தூக்கிவந்து, சமையலறையில் வெப்பமூட்டிக்கு அருகில் வைத்துவிட்டேன். “நல்லாத்தான் நுரைக்குது” என்று பெருமை வேறு. பியரைத் திறந்தபோது கோழிகூட்டு வாழைப்பழ வாசம் குப்பென்று அடித்தது. மருமகன் பொறுமையாக விளக்கினார்: “இந்த ஈஸ்ட் இருபத்துநாலு பாகையில் வேலை செய்தால் பழவாசம்தான் மாமா வரும். பதினாறு பாகையில் வைத்தால்தான் சுத்தமாக வரும்.”

பதினாறு பாகை! அந்த எண்ணை நான் எங்கோ கண்டிருக்கிறேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை அது. இந்த ஜேர்மானியர்கள் நிலவறை தோண்டித் தேடிய குளிரில்தான் என் தாயார் கொட்டும் பனியில் பெரட்டுக்களத்துக்கு ஓடினார்.

இதை முதலில் கண்டுபிடித்தவன் நானல்லன். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறியபோது சிறிய அளவில் பியர் தயாரிப்பைத் தொடங்கினார். 1881இல் அங்கு வணிகரீதியான பியர் ஆலை அமைந்தது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை மலையேறிக்கொண்டிருந்த காலம். குளிரூட்டும் இயந்திரம் பரவலாகாத அந்நாளில் மலையின் குளிரும் ஊற்றுநீரும் இரண்டும் இலவசம். வருங்கால லயன் நிறுவனத்தின் பிறப்பிடம் அதுவே. அந்த ஆலையின் கறுப்புப் பியரான லயன் ஸ்டவுட்டை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் (பாட்டுக்காரர் அல்லர், இவர் பியரையும் விஸ்கியையும் பற்றி எழுதி 2007இல் மறைந்தவர்). இயந்திரக் குளிர் வந்தபின் மலைக்குளிருக்கு மதிப்பில்லாமற் போயிற்று. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் மோல்ட்டை மலையேற்றி, போத்தலை மலையிறக்குவானேன்? 1990களின் பிற்பகுதியில் பியகமவில் புதிய ஆலை எழுந்தது. நுவரெலியா ஆலை ஓய்ந்தது.

இரண்டாம் தடவை வாளி நிலவறையிலேயே இருந்தது. பியர் தெளிவாக, எளிமையாக வந்தது. துணிவு வந்து மூன்றாவதில் பரிசோதனைக்கு இறங்கினோம். நான் கொண்டுபோயிருந்த நுவரெலியாத் தேயிலையைச் சேர்ப்பதென்று முடிவு. ஐந்து லீட்டரைப் பிரித்தெடுத்து, கொதிநீரில் ஊறிய கடும் சாயத்தை ஊற்றினோம். வாய் வறண்டுபோகும் துவர்ப்பு. ஹொப்ஸின் கசப்பும் தேயிலையின் துவர்ப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. தேயிலைத் தொழிற்சாலையில் காலம் கழித்த என் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். “சூடு காட்டினா சாயம் மொத்தமா எறங்கும்டா. வாசம் மட்டும் வேணும்னா பச்சத் தண்ணியில போடு” என்றார். பியர் அருந்தாத மனிதர். அவர் சொன்னபடி, கொதித்தாறிய அரை லீட்டர் நீரில் இருபது கிராம் தேயிலையை ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்து, வடித்து, மற்றோர் ஐந்து லீட்டரில் போத்தலில் அடைக்கும் நாளன்று சேர்த்தோம். அருமை! முதலில் பார்லியின் இனிமை. விழுங்கியபின் தொண்டையில் நுவரெலியா.

இனி, இதை எழுதவைத்த விடயத்துக்கு வருகிறேன்.

என் தந்தை சம்பள நாளில் வீட்டுக்கு நேரே வந்ததாக எனக்கு நினைவில்லை. தவறணை வழியேதான் வருவார். மாதக் கடைசியில் கடனும் தீர்ந்தபின், மலைக்கு அப்பால் வடித்த கசிப்பு. என் தாயார் லயத்து வாசலில் லாம்பைத் தணித்துவைத்துக் காத்திருந்த இரவுகளை எண்ணிச் சொல்ல இயலாது. எனக்குப் பத்திரிகையில் வேலை கிடைத்தபோது அவர் கேட்டது ஒன்றே: “எவ்வளவு பெரிய ஆளானாலும் அந்த நாத்தத்த மட்டும் வீட்டுக்குள்ள கொண்டாராதய்யா.” ஐம்பது வயது வரை நான் மதுவைத் தொடவில்லை. ஜேர்மனியின் நிலவறையில் வாளிக்கு முன் குந்தியிருந்தபோது அக்குரல் கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆயினும், அந்த வாளியருகே இருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. எமது பேச்சுவழக்கில் கசிப்பும் ‘காய்ச்சுவது’, பியரும் ‘காய்ச்சுவது’. மொழி ஒன்றாக்கியதைச் சட்டமும் ஒன்றாக்கிவிட்டது. ஆனால் இரண்டும் வேறு வேறு தொழில்கள். நொதித்தல் தன் எல்லையைத் தானே அறிந்தது. இட்ட சர்க்கரை முடிந்ததும் நான்கைந்து வீதத்தில் நின்றுவிடும். தவறு செய்தால் பியர் புளிக்கும், வாழைப்பழமாக நாறும், கண்ணைப் பறிக்காது. வடித்தலோ மதுசாரத்தைப் பிரித்துச் செறிவாக்குவது. தெரியாத கைகளில், அழுக்குத் தகரத்தில், எதைக் கலந்தாரோ என்ற நிலையில் அது நஞ்சு. நான் செய்தி எழுதிய மரணங்கள் வடித்ததால் நேர்ந்தவை.

சட்டம் இந்த வேறுபாட்டைக் காணாததன் விளைவு என்ன? மெல்லியதைக் கற்றுக்கொள்ள வழியில்லை. வன்மையானது மட்டுமே கடையில் முன்வரிசையில் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் பியர் கேட்பவர் 8.8 வீதப் போத்தலையே கேட்கிறார். கொடுக்கும் பணத்துக்கு எவ்வளவு ஏறும் என்பதே அவர் கணக்கு. அதுவும் கட்டுப்படியாகாதவருக்குச் சாராயம், அதற்கும் கீழே கசிப்பு. 2017 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த நிதியமைச்சர் மங்கள சமரவீர மதுசார அளவுக்கேற்ப வரி என்ற கருத்தை முன்வைத்தபோது, “பியரை மலிவாக்கிச் சமூகத்தைக் கெடுக்கிறார்” என்ற கூச்சலே மிஞ்சியது. கருத்தை எவரும் எடைபோட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. நொதித்தலையும் வடித்தலையும் சட்டம் பிரிக்கட்டும். ஆண்டுக்கு ஒரு வரையறைக்குள், பதிவுசெய்துகொண்டு, விற்காமல், ஐந்து வீதத்துக்கு உட்பட்ட பியரை வீட்டில் செய்ய இடமளிக்கட்டும். கசிப்புக்கான தண்டனையில் ஒரு நாள்கூடக் குறைய வேண்டாம். சிறு ஆலைகளுக்கான உரிமப்பத்திரக் கதவும் சற்றே திறக்கட்டும். மலையிலே செய்து, மலைத் தேயிலையின் வாசம் சேர்த்து, அதை நுவரெலியாவுக்கு வருபவனுக்கு விற்க முடியுமென்றால், கொழும்புப் புடவைக்கடைகளில் நின்றே காலாற மறந்த எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு ஊரிலேயே ஒரு தொழில் கிடைக்கும்.

“குடியால் அழிந்த சமூகத்துக்கு இன்னொரு குடியா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. என் பதில் இரண்டு. ஒன்று, போதைக்காக ஏங்குபவன் இரண்டு மாதம் காத்திருந்து நாலரை வீதப் பியர் அருந்த மாட்டான். காத்திருக்கும் பொறுமை உள்ளவனைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு, தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தில் இறக்குமதி மோல்ட் வாங்க முடியாது என்பதை நான் அறிவேன். ஆகவே இது லயத்துக்குள் பியர் வாளி வைக்கும் யோசனை அல்ல. லயத்தில் குடியை ஒழிப்பது சம்பளமும் வீடும் காணியும் பெண்கள் கையில் பணமும்தான். பியர்ச் சட்டம் அதைச் செய்யுமென்று சொன்னால் நான் ஏமாற்றுக்காரன்.

இந்தப் பதில்கள் என் தாயாரைத் திருப்திப்படுத்தியிருக்குமா? இரா. அவரிடம் வாதாடி நான் வென்றதே இல்லை.

திரும்பும்போது மருமகன் இரண்டு போத்தல்களைப் பெட்டியில் வைத்துத் தந்தார். விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் அவற்றை எடுத்து நிலவறைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்பது வாக்கு. சட்டம் மாறினாலும் என் வீட்டில் அந்த வாளி இராது. ஆனால் அது என் வீட்டு விதி. ஒரு நாட்டின் சட்டம் அதைவிடச் சற்று விசாலமாக இருக்கலாம்.