இசைத்தட்டு விமர்சனமா, அர்ச்சனையா?

அம்பாங் சாலையை ஒட்டி, பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களின் அடியில், 1998-ஆம் ஆண்டு ஒரு சங்கீத மண்டபம் திறக்கப்பட்டது. மலேசிய பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு வாசிப்பது அங்கேதான். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தோட்டப்புறங்களிலும் உள்ள தமிழரில் அநேகர், “அது பெரிய மனிதர் சங்கதி, நமக்கெதற்கு?” என்று ஒதுங்கிவிடுகின்றனர். மண்டபத்திற்குச் சீட்டு வேண்டும். இசைப்பதிவுக்கோ அதுவும் வேண்டியதில்லை. கைப்பேசி உள்ள எவரும் பீத்தோவனின் பியானோ கன்செர்ட்டோவைத் தம் வீட்டிலேயே கேட்கலாம். ஆனால் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று எடுத்துரைக்க ஒருவர் வேண்டுமன்றோ? இசைத்தட்டு விமர்சனம் ஏற்பட்டது அதற்காகவே. நம்மவர் எழுதுவதோ பெரும்பாலும் அர்ச்சனையாய் முடிகிறது.

இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தட்டையே எடுத்துக்கொள்வோம். தியாகராஜருக்கும் ஜெர்மானியராகிய பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது அது. அதைப் பற்றி நம்மவர் சொல்வதென்ன? தெய்வீகமாம், தமிழன் உலகை வென்றானாம், சொல்ல வார்த்தையே இல்லையாம். வார்த்தை இல்லாதவர் பேனாவைத் தொடுவானேன்? அதில் பிரதான வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். அவர் பெயரைச் சொல்லுகிறவர் எத்தனை பேர்? ஒரு பகுதியில், பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் முகப்பு இசை ஓட, அதனோடு வேறோர் இசை இழைகிறது. இரண்டும் பாலும் நீருமாய்க் கலந்தனவா, எண்ணெயும் நீருமாய்ப் பிரிந்து நின்றனவா? இதைச் சொல்வதன்றோ விமர்சகர் கடமை!

பியானோ விஷயமும் இப்படியே. அதில் சுத்தியல் தந்தியைத் தட்டும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்ல இயலாது. கமகத்தில் ஊறிய நம் செவிக்கு அது வறட்சியாய்த் தோன்றலாம். ஆயினும் பத்து விரல்களும் பல குரல்களாய்ப் பேசுவதும், தட்டும் விசையொன்றாலேயே மென்மையும் வன்மையும் பிறப்பதும் அக்கருவியின் சிறப்பாகும். கன்செர்ட்டோவில் அவ்வொற்றைக் கருவி ஒரு பெரிய வாத்தியக் கூட்டத்தோடு வாதாடியும் உறவாடியும் செல்லும். ஒரே படைப்பை இருவர் வாசித்த பதிவுகளை அருகருகே வைத்து, இவர் எங்கே விரைந்தார், அவர் எங்கே நிதானித்தார், அதனால் விளைந்த பொருள் என்ன என்று காட்டினாலன்றோ பாமரரும் கேட்கக் கற்பர்?

பெயரை வணங்கும் பேதைமை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஜாய்ஸ் ஹாட்டோ என்ற பியானோ கலைஞர் நோயோடு போராடிக்கொண்டே நூற்றுக்கு மேற்பட்ட தட்டுகளை வாசித்தளித்தார் என்று நம்பப்பட்டது. விமர்சகர் பலர் வியந்து எழுதினர். அவர் 2006-இல் மறைந்தார். 2007 பிப்ரவரியில் ஒருவர் லிஸ்ட்டின் படைப்புகள் அடங்கிய ஹாட்டோ தட்டைக் கணினியில் இட, அது லாஸ்லோ சிமோன் வாசித்தது என்று கணினி காட்டியது. ராக்மானினோவின் மூன்றாம் கன்செர்ட்டோவோ யெஃபிம் பிரான்ஃப்மன் வாசித்ததாயிருந்தது. பிறர் பதிவுகளை மனைவி பெயரில் வெளியிட்டதைக் கணவரே ஒப்புக்கொண்டார். கண்ணீர்க் கதையைக் கேட்ட அளவுக்கு இசையைக் கேட்டிருந்தால் இவ்வேமாற்றம் இத்தனை காலம் நிலைத்திருக்குமா?

“நம்மவரை நாமே குறை கூறலாமா?” என்பர் சிலர். குறை கூறத் தகாதது என்று ஒதுக்கப்பட்ட கலை வளராது. அதன் நிறைக்கும் மதிப்பிராது. புகழ்ச்சி எல்லோர்க்கும் ஒரே அளவில் வாரி வழங்கப்படுமாயின், உழைத்து வாசித்தவனுக்கும் ஏனோதானோவென்று வாசித்தவனுக்கும் வேற்றுமை யாது? உழைத்தவனுக்கே அது அநீதி.

ஆகவே, விமர்சகர்களே, வாசித்தவர் அனைவரின் பெயரையும் சொல்லுங்கள். ஒப்பிட்டுக் காட்டுங்கள். குறையைக் காரணத்தோடு கூறுங்கள். வாசகர்களே, காரணம் கூறாத புகழுரையைக் கண்டால், விமர்சகர் தட்டைக் கேட்டாரா என்று தயங்காமல் வினவுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்படாதவர் எவருமிலர்.